அமாவாசையன்று வலிக்காத கை

மாணிக்கவாசக அண்ணன் முதன்முதலில் மோட்டார் சைக்கிளோடு எங்கள் தெருவுக்குள் நுழைந்த அன்று, என் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோயிற்று. அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடியது நான்தான். ஆனாலும் அந்தப் பாலுக்காக இன்றுவரை அவர்மேல்தான் எனக்குக் கோபம்.

உப்புச் சத்தியாகிரகம் நடந்ததற்கு மறு வருஷம் அது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடும் அவர் வீடும் எதிரெதிர். அவர் மனைவி ஏலவார்குழலி என் தோழி. அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஒன்றாக நெசவு பழகியவர்கள். என் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எழுதினால் குற்றமில்லை என்று நினைக்கிறேன்: குப்புசாமி. தெருவில் பாவு போடுகிற, அதாவது தறிக்கு ஏற்றும் நெடுக்கு நூலை விரித்துக் கட்டுகிற வேலைக்கெல்லாம் அவர்தான் முன்னால் நிற்பார். அதிகம் பேச மாட்டார். பேசினால் அதட்டுவது மாதிரி இருக்கும்.

அண்ணன் அதற்கு நேர் எதிர். தறியில் உட்கார்ந்தால் குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற நாடாவோடு பேசுவார், ஜரிகையோடு பேசுவார், யாரும் கிடைக்காவிட்டால் தறிக்குழிக்குள் இருக்கும் தன் காலோடு பேசுவார். அப்படிப்பட்டவர் ஒரு மார்கழியில் பேச்சை நிறுத்தினார். வலது மணிக்கட்டு வீங்கி, காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியாமல் போயிற்று. நாடாவை வீசினால் பாதி வழியில் நின்றது. வைத்தியர் கையைப் பிடித்துப் பார்த்து, "மூட்டு வாதம்பா. மணிக்கட்டை மடக்கி பாரம் கொடுக்காதே. தறியை மறந்துடு" என்று சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். பாட்டன் காலத்துத் தறியின்மேல் குழலி ஒரு பழைய புடவையைப் போர்த்தி மூடினாள். மூடிவிட்டு என் வீட்டுக்கு வந்து அழுதாள்.

அண்ணனின் கைக்கு ஓய்வு வேண்டும் என்று என் வீட்டுக்காரர் அவரைப் பாவு போடக் கூப்பிடுவதையும் நிறுத்தினார். அதற்கு அண்ணன் வேறு ஏதோ காரணம் நினைத்துக்கொண்டார் என்பது எங்களுக்கு வெகுநாள் தெரியாது.

பட்டு வியாபாரி வீராசாமி செட்டியார்தான் அவருக்கு ஒரு வழி காட்டினார். செட்டியாரின் மகன் பட்டணத்தில் ஆசைப்பட்டு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதிலிருந்து விழுந்து, மறுபடி விழுந்து, அதைக் கொட்டகையில் போட்டுவிட்டான். வாலாஜாபாத், திருப்புட்குழி, மாகறல் பக்கமெல்லாம் செட்டியாருக்காக நெய்கிற வீடுகள் உண்டு. அங்கே பட்டும் ஜரிகையும் கொண்டுபோய்க் கொடுத்து, நெய்த புடவைகளை வாங்கிவர ஓர் ஆள் வேண்டும். நூலைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்கிற ஆளாகவும் இருக்க வேண்டும்.

"ஏமய்யா மாணிக்கம், இந்த சனியனை ஓட்டக் கத்துக்கிறியா?" என்று கேட்டார் செட்டியார்.

அண்ணன் கற்றுக்கொண்டார். வேகவதி ஆற்றங்கரையில் எருமைகளை விரட்டி விரட்டிக் கற்றுக்கொண்டார். மறுபடி பேச ஆரம்பித்தார், இந்தத் தடவை வண்டியோடு. மேடு வந்தால் "ஏறு ராஜா, ஏறு" என்பார். தெருப் பிள்ளைகள் அதற்கு டப்டப்பா என்று பெயர் வைத்தார்கள். என் வீட்டுக்காரர் முதல் நாளே ஒன்று மட்டும் சொன்னார்: "டேய் மாணிக்கம், பாவு போட்டிருக்கிற எடத்துல எஞ்சினை நிறுத்திடு." அண்ணன் தலையை ஆட்டினார்.

காரணம் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடிந்ததும் பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, நீவி, வெயிலில் உலர்த்துவோம். அந்த நேரத்தில் தெரு எங்களுடையது. மாட்டு வண்டிக்காரனும் கீழே இறங்கி, மாட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடத்திப் போவான். ஈரப் பாவில் புழுதியும் புகையும் படிந்தால் நாலு வீட்டு உழைப்பு நாசம்.

வண்டி வந்த சந்தோஷம் பத்து நாள்கூட நிற்கவில்லை. கை மறுபடி வீங்கிற்று. வாலாஜாபாத் ரோடு அப்போது ரோடு என்று பெயருக்குத்தான் இருந்தது. குண்டும் குழியும் கைப்பிடி வழியாக நேரே மணிக்கட்டில் போய் இடித்தன. போதாததற்கு அண்ணன், ஓடுகிற கன்றுக்குட்டியைப் பிடிப்பதுபோல் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முன்னால் குனிந்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கைமேல் போட்டு ஓட்டினார்.

குழலிக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கையைப் பற்றித் தெரியும். ஒருநாள் அவரை நின்ற வண்டியில் ஏறி உட்காரச் சொல்லி, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது, கும்பிடு போட்டுக்கினு ஓட்டுறீங்க? நிமிந்து உக்காருங்க."

"நிமிந்தா கை எட்டலையேமா."

"அப்போ கைப்பிடியை உங்ககிட்ட வரச் சொல்லுங்க."

மறுநாளே கொல்லனிடம் போய்க் கைப்பிடிக் கம்பியைச் சற்று மேலாகவும் பின்பக்கமாகவும் வளைத்து வாங்கினார்கள். அதன் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாலும் மணிக்கட்டு மடங்காமல் முன்கையோடு நேராக நின்றது. கைப்பிடி மெல்லியதாக இருந்ததால்தானே அப்படி இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது? அதற்குக் குழலி கழிவு நூலைச் சுற்றோ சுற்றென்று சுற்றி, மேலே பழைய துணியை வைத்துத் தைத்து, வாழைப்பழக் கனத்துக்குப் பிடி செய்தாள். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தார்கள். வேகம் கூட்டுகிற விசை, வைத்த இடத்தில் நிற்கிற மாதிரியானது. நல்ல ரோட்டில் வலது கையைத் தொடைமேல் வைத்து ஓய்வு கொடுக்கவும் அண்ணன் பழகினார். போகிற வழியில் பாலாற்றங்கரையில் நிறுத்தி, வெயிலில் காய்ந்த மணலுக்குள் கையைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்துவிட்டு, அண்ணன் அங்கே புதையல் தேடுவதாக ஒரு கதைகூடக் கிளம்பிற்று.

முக்கியமான பாடத்தை அவராகவே கண்டுபிடித்தார். "பெரியநாயகி, நாடாவை இறுக்கிப் பிடிச்சா ஓடுமா? ஓடாது. வண்டியும் அப்படித்தாம்மா. சும்மா தொட்டுக்கினு இருந்தா போதும், அதுவே போவுது" என்று என்னிடம் சொன்னார்.

இவ்வளவும் செய்தபின் வண்டி ஓட்டும்போது வலி இல்லை. அதை அவர் கோயிலில் சத்தியம் செய்கிற மாதிரி சொன்னார். ஆனால் வீடு வந்து சேர்ந்ததும் கை கொதித்தது. நொச்சி இலை ஒத்தடம் போட்டாள் குழலி. முடக்கத்தான் தைலம் தடவினாள். சாப்பிடும்போது சோற்றை உருட்ட முடியாமல் அவர் தவித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஓட்டும்போது வலிக்காத கை, ஓட்டி முடித்ததும் ஏன் வலிக்க வேண்டும்? யாருக்கும் விளங்கவில்லை.

இந்த நிலையில் செட்டியார் கண்ணெதிரிலேயே ஒரு ஜரிகைப் பொட்டலம் அவர் கையிலிருந்து நழுவி, கடை வாசலில் தேங்கியிருந்த தண்ணீரில் விழுந்தது. செட்டியார் கெட்டவர் இல்லை. ஆனால் ஜரிகை தண்ணீரில் விழுவதைப் பார்த்துச் சிரிக்கிறவரும் இல்லை.

"மாணிக்கம், வைகாசியில கல்யாணக் காலம். எனக்கு வேலை நடக்கணும். வரதர் கோயில்ல கொடி ஏர்றதுக்குள்ள உன் கை சரியாவலைன்னா இந்த டப்டப்பாவை வித்துட்டு மாட்டு வண்டி வச்சுக்கிறேன். மனசுல வச்சுக்காதே."

தறியும் போய், வண்டியும் போனால் அண்ணனுக்கு என்ன மிச்சம்? அன்று சாயங்காலம் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதோடு பேசவில்லை. எனக்கு மனசே கேட்கவில்லை. பொங்கி வழிந்த பாலைக்கூட அன்றைக்கு மன்னித்தேன்.

மாகறல் சிவனிடம் முறையிட்டால் எலும்பு வலி தீரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அண்ணன் திங்கட்கிழமை தோறும் மாகறலுக்குப் போக ஆரம்பித்தார், அதே வண்டியில். பாலாற்று மணலில் மட்டும் வண்டியை யாராவது மாட்டு வண்டிக்காரன் ஏற்றி அக்கரையில் இறக்கிவிடுவான். கை வலி தீர வேண்டிக்கொண்டு வந்து, கை வலியோடு படுப்பார். சாமிக்கே இது வேடிக்கையாக இருந்திருக்கும்.

பங்குனி அமாவாசையன்று அந்த அதிசயம் நடந்தது. வாலாஜாபாத் போய்த் திரும்பிய அண்ணன், வாசலில் நின்று கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். வலி இல்லை. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். மறுநாள் போய்வந்தார், வலி திரும்பிவிட்டது. அப்போதுதான் குழலிக்கு, போன அமாவாசையிலும் அவர் தைலம் கேட்கவில்லையே என்று ஞாபகம் வந்தது. சித்திரை அமாவாசையிலும் அப்படியே ஆயிற்று.

தெரு முழுக்க இதே பேச்சு. சந்திரன் இல்லாத நாளில் உடம்பில் நீர் இறங்கிவிடும் என்றார் ஒருவர். முன்னோர்கள் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்றாள் ஒருத்தி. நானும் சும்மா இருக்கவில்லை, எங்கள் சித்தப்பாவுக்கு அமாவாசையில் பல்வலி நின்ற கதையைச் சொன்னேன். அண்ணன் எல்லாவற்றையும் நம்பினார். நம்பியதோடு நிற்காமல் செட்டியாரிடம் போய், இனிமேல் அமாவாசைக்கு அமாவாசை மட்டும் போய்வருகிறேன் என்று கேட்டுவிட்டார்.

"மாசத்துக்கு ஒரு நாள் வேலையா? ராமா! உன்னை வேலைக்கு வச்சிருக்கேனா, தர்ப்பணத்துக்கு வச்சிருக்கேனா?" என்று செட்டியார் போட்ட சத்தம் கடைத்தெரு முழுக்கக் கேட்டதாம். கொடியேற்றத்துக்கு அதிக நாள் இல்லை என்பதையும் ஞாபகப்படுத்தி அனுப்பினார்.

மறுநாள் காலை நானும் குழலியும் அவள் வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தோம். தெருவில் பாவு ஏறிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு முனையில் நின்று எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் பட்டு மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எஞ்சினைக் கிளப்பாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டார். அது தினமும் நடப்பதுதான். அதனாலேயே ஒருவரும் அதைப் பார்த்ததில்லை.

அன்று குழலி பார்த்தாள். கோலமாவு அவள் கையிலிருந்து உதிர்ந்து, போட்ட கோலத்தின்மேலேயே கொட்டிற்று.

"பெரியநாயகி, அவரு கையைப் பாரு!"

பார்த்தேன். இரும்பு எருமை மாதிரி வண்டி. அதன்மேல் மூட்டை. அண்ணன் இரண்டு மணிக்கட்டையும் பின்னால் மடக்கி, உடம்பைச் சாய்த்து, மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டிருந்தார். வைத்தியர் எதைச் செய்யாதே என்றாரோ அதையே செய்துகொண்டிருந்தார். எங்கள் தெரு, அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று ரோடு வரைக்கும் இப்படித்தான்.

குழலி தெருவில் ஓடினாள். "நில்லுங்க! அமாவாசையும் இல்ல, சந்திரனும் இல்ல. அமாவாசை அன்னைக்கு நம்ம ஆளுங்க தறி ஏற மாட்டாங்க. தெருவுல பாவு கிடையாது. நீங்க வாசல்ல இருந்தே டப்டப்புனு கிளம்பிடுறீங்க. தள்றதே இல்ல. இதான் உங்க வலி, இதான்!"

தெரு அப்படியே நின்றுவிட்டது. இத்தனை நெசவுக்காரர்கள் இருக்கிற இடத்தில், அமாவாசை என்றால் விடுமுறை என்பது ஒருவர் புத்தியிலும் தட்டவில்லை. எல்லோரும் ஆகாயத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்குச் சித்தப்பாவின் பல்லை நினைத்து வெட்கமாகப் போயிற்று.

"சாயங்காலம் பாவு இருக்காதே. அப்போ ஓட்டிக்கினு வரலாமில்ல? அப்பவும் தள்ளிக்கினுதானே வரீங்க?" என்று கேட்டாள் குழலி.

அண்ணன் மூட்டைக் கயிற்றைச் சரிசெய்ய ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் கஞ்சி வடிகிற கையோடு கிட்டே வந்தார். "சொல்லேன்டா. பாவு இல்லாத நேரத்துல எதுக்குத் தள்ளுறே?"

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தறியை விட்டுட்டேன். நீயும் பாவுக்குக் கூப்பிடறதை விட்டுட்டே. வண்டி வந்ததும் மாணிக்கத்துக்கு நெசவுத் தெருன்ற மரியாதை போயிடுச்சுன்னு ஒருத்தன் சொல்லிடக் கூடாது. அதான்பா."

அவர் பேச்சில் சிரிப்பில்லாத ஒரு வாக்கியத்தை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. "உன் கை நோவக் கூடாதுன்னு தான்டா கூப்பிடல" என்றார். உடனே பாவு முனைக்குத் திரும்பிப்போய் அங்கிருந்தவர்களை முன்னைவிடப் பலமாக அதட்டினார்.

சாயங்காலம் எஞ்சினோடு வாசல் வரை வரலாம் என்று அப்போதே முடிவாயிற்று. காலையில் என்ன செய்வது? வண்டியை ரோட்டோரம் விட்டுவிட்டு நடந்து போகலாமே என்றார்கள். "ஊர் எல்லையில கட்டிட்டு வர இது இன்னா மாடா? தனியா பயப்படும்" என்று அண்ணன் மறுத்துவிட்டார். பயப்படப்போவது வண்டியா, அவரா என்று நான் கேட்கவில்லை.

அதற்கும் குழலிதான் வழி கண்டாள். தறியில் அறுத்துப் போட்ட பாவு நுனிகளையெல்லாம் வீடு வீடாக வாங்கி, மூன்று புரியாகப் பின்னி, கயிறு திரித்தாள். மறுநாள் காலை அதை வண்டியின் முன்னால் கட்டினாள். "ஏறி உக்காருங்க. கைப்பிடியைத் தொட்டுக்கினு மட்டும் இருங்க" என்றாள்.

"நீ இழுக்கிறதா? ஊரு சிரிக்கும்மா!"

"சிரிக்கட்டும். சோத்தை உருட்ட முடியாம நீங்க உக்காந்திருந்தப்போ எனக்கு மட்டும்தானே அழுகை வந்துச்சு?"

அவள் கயிற்றைத் தோளில் போட்டாள். தனியாக அவள் இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிக் கோலம் போட முடியும்? நானும் பிடித்தேன். கோடி வீட்டுக் கமலாட்சி வந்து பிடித்தாள். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். பாவுக்கு ஓரமாக, புழுதி கிளம்பாமல், மெதுவாக இழுத்துக்கொண்டு போனோம். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பட்டும் படாமல் தொட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளைக்கும் மேலாக வெட்கப்பட்டார். பாவு நீவிக்கொண்டிருந்த ஆண்கள் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். "ஏகாம்பரநாதருக்குக்கூட வருஷத்துக்கு ஒரு வாட்டிதான் தேரு. உனக்குத் தினம் தேரா?" என்று யாரோ கத்தினார்கள். ரோட்டு முனையில் கயிற்றை அவிழ்த்ததும் அண்ணன் எஞ்சினைக் கிளப்பினார். "போலாம் ராஜா!" என்று வண்டியிடம் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. சாமி கும்பிட்ட மாதிரி மனசு நிறைந்துவிட்டது எனக்கு.

வைத்தியர் சொன்ன வாதம் எங்கேயும் போய்விடவில்லை. காலையில் விரல் விறைக்கத்தான் செய்தது. ஆனால் வீக்கம் நாளுக்கு நாள் வடிந்தது. தைலம் சட்டியிலேயே மிஞ்சிற்று.

வரதர் கோயிலில் கொடி ஏறுவதற்கு முந்தின நாள் செட்டியார் அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார். என்ன ஆகுமோ என்று குழலியும் நானும் கூடவே போய்க் கடை வாசலில் நின்றோம். செட்டியார் ஒன்றும் கேட்கவில்லை. இறுக்கிக் கட்டியிருந்த ஒரு பட்டு மூட்டையை அண்ணன் முன்னால் வைத்து, "முடிச்சை அவிழ்" என்றார். அண்ணன் வலது கையை வைத்தார். முடிச்சு அசையவில்லை. குழலி என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் ஒன்று உடைந்தது. அண்ணன் விரலை ஒருதரம் நீட்டி மடக்கிவிட்டு மறுபடி வைத்தார். முடிச்சு இளகிற்று, அவிழ்ந்தது.

"அமாவாசை எப்பய்யா?" என்று கேட்டார் செட்டியார்.

"அது போயி நாளாச்சுங்க, முதலாளி."

செட்டியார் வெற்றிலைத் தட்டை அண்ணன் பக்கம் நகர்த்தினார். வேலை நிலைத்துவிட்டது என்று எங்களுக்குப் புரிந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல் கயிற்றோடு போய் நின்றோம். அண்ணன் ஏறி உட்கார்ந்துவிட்டார். அப்போது பாவு முனையிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். அதே அதட்டல்தான்.

"டேய் மாணிக்கம்! அந்தத் தேரு கொஞ்ச நேரம் நிக்கட்டும். இந்தப் பாவு ஓரம் இழுத்துக்கினு போவுது. எனக்குச் சரியாப் புடிபடலை. வந்து பாரு."

 அண்ணன் வண்டியிலிருந்து இறங்கிய வேகத்தில் அதை நிறுத்தக்கூட மறந்துவிட்டார். குழலியும் நானும் தாங்கிப் பிடித்ததால் அது பிழைத்தது. அவர் ஈரப் பாவின்மேல் வலது கையை விரித்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஓரத்திலிருந்து ஓரம் வரை மெல்லத் தடவிக்கொண்டே நடந்தார். வாய் ஓயாமல் அந்தப் பட்டோடு பேசிக்கொண்டே போயிற்று.

"கை வலிக்குதாங்க?" என்று குழலி இங்கிருந்து கேட்டாள். அவர் காதில் விழவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்த எங்கள் கைதான் வலித்தது.